அந்தப் பக்கம் யார்?

அவர் படுக்கையறையிலிருந்து வெளியே வந்ததும் மனைவியின் கை சட்டென்று காதுக்குப் போனது. காதில் இருந்த வெள்ளைப் பொருளின் மேல் முடியை இழுத்துவிட்டுக்கொண்டாள். கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையில், அவர் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"யாரு கூட பேசிட்டு இருந்தே?"

"யாரு கூடவும் இல்லையே. உக்காருங்க, ஆறிடப் போகுது."

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். கழிவறைக் கதவு சாத்தியிருந்தாலே உள்ளே ஒருவன் டிக்கெட் இல்லாமல் ஒளிந்திருக்கிறான் என்று நினைக்கிற ஆள். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே ஒரு ரகசியம் நடமாடினால் சும்மா விடுவாரா?

எல்லாம் ஒரு மாதமாகத்தான். அவள் வேலை பாட்டில் தொழிற்சாலையில், நாள் முழுக்கக் கடகடவென்று ஓடும் மிஷினுக்குப் பக்கத்தில். வீடு வந்தால் முன்பெல்லாம் மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பாள். இப்போது எந்நேரமும் காதில் அது. பாட்டா கேட்கிறாய் என்றால் தலையாட்டுவாள். எந்தப் பாட்டு என்றால் விழிப்பாள்.

இன்னொன்றும் அவரை உறுத்தியது. முன்பு நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். இப்போது அவர் லேசாகச் செருமினாலே "என்னங்க?" என்று வந்து நிற்கிறாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

போன வாரம் அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தும்விட்டார். கடைத்தெருவில் ஒரு மாடிக் கட்டடம். பல் வைத்தியர், வக்கீல், தையல் வகுப்பு என்று வாசலில் ஏகப்பட்ட போர்டுகள். எதையும் நின்று படிக்கிற நிலையில் அவர் இல்லை. படிக்கட்டுத் திருப்பத்திலிருந்து கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

ஓர் இளைஞன் அவள் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, தட்டிலிருந்து வேறு ஒவ்வொன்றாக எடுத்து அவள் காதில் வைத்து வைத்து அழகு பார்த்தான். முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினான். பிறகு குனிந்து ஏதோ மெல்லச் சொல்ல, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக அவருக்குத் தைரியம் வரவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவள் இல்லாமல் எப்படி இருப்பது?

ஒரு வாரம் மென்று முழுங்கியாயிற்று. இனி முடியாது. உள்ளே போய், அடுக்கி வைத்திருந்த அவளுடைய பெட்டியைக் கொண்டுவந்து தொப்பென்று போட்டார்.

"உங்க அண்ணனுக்கு போன் பண்ணிட்டேன். வந்துட்டே இருக்கார். அவர் கூட கிளம்பிடு."

அவள் முகம் வெளுத்தது. "என்னங்க இது? எதுக்கு?"

"மாடி ரூம்ல இருக்கானே, அவனைப் போய்க் கேளு எதுக்குன்னு!"

"ஐயோ, பாத்துட்டீங்களா? நானே சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க கிண்டல் பண்ணுவீங்களோன்னு பயந்துட்டு..."

"கிண்டலா? குடும்பம் சந்தி சிரிக்கப் போகுது, இவளுக்குக் கிண்டலாம் கிண்டல்! காதுல இருக்கற ரெண்டையும் கழட்டு."

"வேணாங்க. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அந்தப் பக்கம் யாருன்னு நானே கேட்டுக்கறேன். கழட்டுன்னா கழட்டு!"

அவள் கண் கலங்க, இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டார். ஆள் யாரென்று தெரிந்துவிட்டால், இத்தனை வருடக் குடித்தனம் இன்றோடு சரி.

காதுக்குள் புஸ் புஸ்ஸென்று யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நினைத்தது சரிதான். லைனில்தான் இருக்கிறான்!

கவிழ்ந்து கிடந்த கைப்பேசியை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு, "யார்றா நீ?" என்று உறுமினார்.

"யார்றா நீ?" என்று காதுக்குள் ஓர் ஆண்குரல் உறுமியது.

என்ன திமிர்! கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்கிறானே! "என் வீட்ல உனக்கு என்னடா வேலை?"

"என் வீட்ல உனக்கு என்னடா வேலை?"

அதே வார்த்தை, அதே கோபம், அதே கரகரப்பு. எங்கோ கேட்டுப் பழகிய குரல்தான். ஆனால் பிடிபடவில்லை.

அவருக்கு வியர்த்துவிட்டது. ஆங்காரமெல்லாம் வடிந்து, தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "என்னடி இது... யாரு குரல் இது?"

அவள் அவருடைய உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தேவைக்கு மேலேயே உரக்கச் சொன்னாள்.

"சத்தமா சொல்லுங்க... அதைக் கழட்டிட்டா நீங்க பேசறது எனக்குக் கேக்காது."