வாய்க்குள் ஒரு சுனை

குடமோ தோற்பையோ இல்லாத காலம். சுனையில் குனிந்த கூவை, இரண்டு கன்னமும் புடைக்க நீரை வாய்க்குள் அடக்கிக்கொண்டு மலையேறினாள். மேலே குகையில், பிள்ளை பெற்ற தங்கை நாக்கு வறண்டு கிடந்தாள். தங்கையின் புருஷன் முண்டனும் வாய் நிறைய நீரோடுதான் கிளம்பினான். பாதி ஏற்றத்தில் கூவையைத் திட்ட வாயைத் திறந்து, அத்தனையையும் நெஞ்சில் கொட்டிக்கொண்டான்.

"உன்னாலதான் போச்சு மதினி! ஆமை மாதிரி நடந்தா கோவம் வராதா?"

கூவைக்கு உச்சந்தலை கொதித்தது. விழுங்கினாலும் போச்சு, துப்பினாலும் போச்சு. மூக்கால் மூச்சுவிட்டு நடந்தாள்.

"பதில் சொல்லேன். திமிரு! உன் தங்கச்சியும் இப்படித்தான். செத்தா சாவட்டும். மலைக்கு அந்தப் பக்கம் வேற பொம்பளையா இல்ல?"

அவள் கண்ணில் நீர் முட்டியது. உதடு மட்டும் பிரியவில்லை.

குகையில் மண்டியிட்டு, தங்கையின் வாயோடு வாய் வைத்துச் சிறிது சிறிதாக விட்டாள். தொண்டை ஏறி இறங்கியது. தங்கை கண் திறந்தாள்.

"எனக்கும் ஒரு மடக்கு மிச்சம் இருக்கா மதினி?" என்றான் முண்டன், பின்னால் நின்று.

கூவை உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வழியில என்னமோ சொன்னியே," என்றாள். "இப்ப சொல்லு. அவளும் கேக்கட்டும்."