ராகுவின் தம்ளர்

“ராகுவை எடுத்துருங்கன்னு சொல்றேன்…”

“எடுக்க முடியாது ரஞ்சி, அவன் காய் அங்கயே…”

“அதைப் பாத்துக்கிட்டு என்னால ஆட முடியலங்க! ஆளே இல்லாத காய்க்கு யாரு பகடை போடுறது?”

ஞாயிறு மதியம், ஓசூரில் தூறிக்கொண்டிருந்தது. ரஞ்சிதாவும் கணவன் கமலக்கண்ணனும் ஒரு வருடம் கழித்து அந்த ஆட்டத்தை விரித்திருந்தார்கள். ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது, நண்பன் ஜுபைரையும் சேர்த்துக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸிலேயே உருவாக்கிய பலகை ஆட்டம்; ஆளுக்கொரு கிரகம், ஒரு சக்தி. கமலக்கண்ணன் செவ்வாய், நெருப்பு மந்திரம் அவனுடையது. ரஞ்சிதா சுக்கிரன், செத்த வீரனை எழுப்புவாள். ஜுபைர் ராகு; மறைந்திருந்து தாக்குவான். அதனால் அவன் மட்டும் பகடையைத் தம்ளரில் குலுக்கிக் கவிழ்ப்பான். அவனேதான் தூக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் தொடக்கூடாது. “பொய் சொல்ல மாட்டேன் அண்ணி” என்று சொல்லிக்கொண்டே பொய் சொல்வான்.

போன மழைக்காலத்தில் ஜுபைர் இறந்துபோனான். எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்த அவனுடைய கறுப்புப் பகடை அதன்பின் கிடைக்கவே இல்லை.

“பாத்துக்கங்க, இவ்வளவுதான் உங்க ராகு!” ரஞ்சிதா காலித் தம்ளரை மேசைமேல் கவிழ்த்தாள்.

உள்ளே பகடை உருண்டது. தம்ளரின் ஓரத்தில் மோதி நின்றது.

கமலக்கண்ணன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் மிக்சர் தட்டைக் காலி நாற்காலியின் பக்கம் நகர்த்தினாள்.

“எத்தனை விழுந்துச்சு தம்பி? இன்னிக்கு நீ என்ன சொன்னாலும் நம்புறேன்.”