ஓட்டையும் அடுப்பும்

பூஞ்சை மருந்துதான் ஈஸ்ட் என்ற ஒற்றைச்செல் பூஞ்சையைக் கொல்கிறது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இந்தப் பெரும்பிழையை இன்றே திருத்தியாக வேண்டும். மருந்து செய்ததெல்லாம் ஈஸ்ட்டின் சுவரில் ஒரு சின்ன ஓட்டை போட்டதுதான்.

ஈஸ்ட்டுக்கு இல்லாத கைகாலும் ஓடவில்லை. தன் வயிற்றுக்குள் சர்க்கரையை எரித்துச் சக்தி தரும் அடுப்பைப் பார்த்து, "முழு வேகத்துல எரி! சுவரை உடனே பூசணும்!" என்று கத்தியது.

"அவ்வளவு எரிச்சா பொறி பறக்கும், முதலாளி. நிதானமா அடைச்சுக்கலாமே," என்றது அடுப்பு.

"உயிர் போகுதுங்கிறேன், நிதானமாம்! சர்க்கரையைக் கொட்டு!"

அடுப்பு எரிந்தது. பொறி பறந்தது. ஓட்டை அடைபடுவதற்குள் ஈஸ்ட் உள்ளேயே கருகிப்போனது.

மருந்து ஓட்டை வழியே எட்டிப் பார்த்து, "நான் இன்னும் உள்ளேயே வரலையே!" என்றது.

சேதி கேட்ட பக்கத்து ஈஸ்ட், சுவரில் ஓட்டை விழும் முன்பே தன் அடுப்பை இரண்டு மடங்கு சர்க்கரை கொட்டி எரியச் சொன்னது.