விழ மறந்த மனுஷன்

“தினமும் விழறீங்க. வெந்நீர்த் தொட்டிக்குள்ள விழறீங்க, வாசப்படியில விழறீங்க. இன்னைக்கு ஒரு நாள் விழுந்து தொலைக்கக் கூடாதா?”

கோபே ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனியட்டும், எனக்கென்ன!

என் வீட்டுக்காரர் மசயோஷி கூரைக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்தவர். ஏதோ காய்ச்சலுக்குப் போட்ட ஊசி உள்காதைக் கெடுத்துவிட்டது. நாலு வருஷமாக நின்றால் தள்ளாட்டம்.

ஸ்டெம் செல்லை வைத்து உள்காதில் புதுசாக உயிரணு வளர்க்கிறார்களாம். அந்தச் சோதனைச் சிகிச்சையில் மிச்சம் ஒரே இடம், ஆள் ரெண்டு பேர். காதுப் பரிசோதனையில் ரெண்டு பேரும் சமம். கடைசியாகக் கண்ணை மூடி மெத்தை மேல் நிற்கவேண்டும். சீக்கிரம் சாய்கிறவருக்கு இடம்.

காலையில் சோற்றுருண்டையைக் கையில் கொடுக்கும்போதே படித்துப் படித்துச் சொன்னேன். இந்த மனுஷன் முப்பது நொடி கம்பம் மாதிரி நின்றிருக்கிறார்!

இடம் போனது யாருக்கு? எதிரே உட்கார்ந்திருக்கிறாளே, அந்த சிஹோவுக்கு. கைக்குழந்தை வீறிடுகிறது, மாமியார்க்காரி தூக்கிக்கொண்டு அல்லாடுகிறாள். பெற்றவள் அசைகிறாளா பாருங்கள். கல்நெஞ்சக்காரி!

டாக்டர் கவாஹாராவை மறித்தேன். “இன்னொரு தடவை நிக்க வைங்க டாக்டர். சத்தியமா விழுவார்.”

“அவர் நின்னதை நானே பார்த்தேன். நல்ல சேதிதானேம்மா?”

“நல்ல சேதியா? எங்க வீட்டுல வந்து ஒரு நாள் இருந்து பாருங்க!”

“விடு யசுகோ. ரயிலுக்கு நேரமாச்சு.” என் வீட்டுக்காரர் எழுந்து, வழக்கம்போல என் தோளில் ஒரு விரலை வைத்தார். ஆத்திரத்தில் தட்டிவிட்டேன்.

அவ்வளவுதான். சாய்ந்து சுவரில் போய் மோதினார்.

“இங்க மட்டும் சாயத் தெரியுதா? உள்ளே எப்படி நின்னீங்க?”

“பின்னால திரை தொங்குச்சு,” என்றார் மெல்ல. “ஒரு விரல் அதுல பட்டுது. எனக்கு அது போதும்.”

“அடப்பாவி மனுஷா! வேணும்னேவா? எதுக்கு?”

அவர் எதிரே பார்த்தார். குழந்தை அம்மாவிடம் தாவியது. சிஹோ எழுந்து, ரெண்டு கையையும் நீட்டினாள். உடனே தள்ளாடி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குப் பிடிச்சுக்க உன் தோள் இருக்கு. பிள்ளையைத் தூக்கினா, அவ எந்தக் கையால பிடிச்சுக்குவா?”