கறி சுட்டவருக்கு ஒரு கைதட்டல்

"டேய் வால்தெர், நெருப்பு முன்னாடி நின்னுக்கிட்டு பச்சத் தண்ணி குடிக்கிறியே, வெக்கமா இல்ல?"

எல்பியோ கேட்டதும் தோட்டத்திலிருந்த இருபது பேரும் சிரித்தார்கள். பாய்சாந்து ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் எல்லார் வீட்டிலும் புகைதான். இன்றைக்கு எல்பியோ வீட்டில் விருந்து. கறி சுடுவது எப்போதும் போல வால்தெர். கம்பித் தட்டில் மாட்டு விலாவுக்குப் பக்கத்தில் பூசணியும் குடைமிளகாயும் வெந்துகொண்டிருந்தன.

"இதென்னடா, முயலுக்கா?"

"எங்க வீட்ல மூணு முயல் இருக்கு. நீ உன் எலும்பைக் கடி."

வால்தெரின் மகள் நோயெலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வயது. ஆறு மாதமாக வீட்டுச் சட்டம் அவள் கையில். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியவள் அவள்தான். காலையில் ஆற்றோரமாக நாற்பது நிமிட நடை, தட்டில் பாதிக்குக் காய்கறி, மது ஒரு சொட்டுகூடக் கிடையாது. வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே சட்டம்.

காரணம் ஊருக்கே தெரியும். மார்பகப் புற்றுநோய்ப் பிரிவின் வாசலில் வால்தெரையும் அவர் மனைவி மிர்த்தாவையும் எல்பியோவின் மனைவி சுலேமா பார்த்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி.

"மிர்த்தா, தட்டைத் தூக்காத! கை வீங்கிடும்," என்று ஓடி வந்தாள் சுலேமா.

"எனக்கு ஒண்ணுமில்லடி. நல்லாத்தான் இருக்கேன்."

"பாருங்கடி, இதான் தைரியம்! இந்தா, உனக்கு இன்னொரு கம்பளித் தொப்பி பின்னியிருக்கேன்."

"எனக்குத்தான் முடியே கொட்டலையே!"

"கொட்டலன்னா என்ன, குளிருக்குப் போட்டுக்கோ."

நோயெலியா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, எல்பியோ மாமா வைன் பாட்டிலைத் திறக்கறாரு. அப்பா குடிச்சுட்டார்னா?"

"குடிக்க மாட்டார்."

"இன்னைக்கு ஒரு கிளாஸ்தானேம்பார். அடுத்த வாரமும் அதையே சொல்லுவார். அப்புறம் நடை போச்சு, எல்லாம் போச்சு. அது திரும்பி வந்துடுச்சுன்னா என்னம்மா பண்றது?"

மிர்த்தா அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். மகளின் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"கறி சுட்டவனுக்கு ஒரு கைதட்டல்!" என்று எல்பியோ கத்தினார்.

கைகள் படபடவென்று தட்டின. தட்டி முடிப்பதற்குள் கறி சுட்டவர் ஒரு கிளாஸைக் காலி செய்ய வேண்டும். அந்த ஊரில் அதை மறுத்தவர் கிடையாது. விளிம்பு வரை ஊற்றிய கிளாஸ் வால்தெரின் கைக்கு வந்தது.

"வேணாம்டா, விடு."

"காலங்காத்தால பிளாஸ்க்கை அக்குள்ல இடுக்கிக்கிட்டு பொண்டாட்டியோட நடக்கற, சரி. அவளோட சேர்ந்து புல்லும் திங்கற, சரி. நீ ஒரு கிளாஸ் குடிச்சா அவளுக்கு என்னடா ஆகப்போகுது?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் என்ன? ஆம்பளையா லட்சணமா குடி!"

கைதட்டல் நிற்கவில்லை. வால்தெர் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். எல்லாம் சின்ன வயதிலிருந்து கூட வளர்ந்தவர்கள். கிளாஸ் மெல்ல உதட்டருகே போனது.

"அப்பா!"

நோயெலியாவின் குரல் பாதியில் உடைந்தது. கைதட்டல் நின்றுவிட்டது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அப்பாவை மட்டும் பார்த்தாள்.

வால்தெர் கிளாஸை எல்பியோவின் கையிலேயே திருப்பி வைத்தார். பிறகு சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இடது மார்பு இருந்த இடத்தில் அக்குள் வரைக்கும் நீளமாக ஒரு தையல் தழும்பு.

"ஆம்பளைக்கும் வரும்டா," என்றார். "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு மிர்த்தா எனக்குத் துணையாத்தான் வந்தா."