காது நார்மல்

கொள்ளேகால் ரத்தினசாமி இரண்டாம் நாளும் வகுப்பிலிருந்து நழுவிவிட்டார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் மணிமணியாக இருந்தது.

பத்மாஸினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காது பரிசோதகர்களுக்காக மைசூரில் வருஷாவருஷம் அவள் நடத்தும் மறுபயிற்சி இது. அவள் சான்றிதழில் கையெழுத்துப் போடாவிட்டால் மனுஷர் கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான். இந்த முறை போடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டே தேடிப் போனாள்.

தாழ்வாரக் கோடியில் சத்தம் புகாத பரிசோதனை அறை. உள்ளே ஒரே இருட்டு. வெளியே மேஜைமேல் இருந்த மெஷினில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது.

உள்ளே இருப்பவர் சத்தம் கேட்டு பட்டனை அழுத்தினால் எரியும் விளக்கு அது. ஆனால் சத்தத்தை அனுப்ப இங்கே ஒருவருமில்லை.

மறுபடி எரிந்தது. மறுபடியும்.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். காதில் ஹெட்போனும் கையில் பட்டனுமாக ரத்தினசாமி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் பண்றீங்க? மெஷின்ல எதுவும் போடலையே."

"தெரியுமுங்க மேடம். ஆனாலும் கேக்குதுங்களே."

"என்ன கேக்குது?"

"எங்கூர்ல அஞ்சலைன்னு ஒரு தறிக்காரப் பொண்ணு. காதுக்குள்ள யாரோ விடாம அழறாங்கன்னு வந்துச்சு. டெஸ்ட்ல ஒரு குறையும் இல்லீங்க. காது நார்மல்னு எழுதிக் குடுத்துட்டேன். அப்பப் பேய்தான்னு வீட்ல பூட்டி வெச்சு வேப்பிலை அடிச்சாங்க. போன மாசம் கிணத்துல விழுந்து செத்துருச்சு." அவர் கட்டைவிரல் பட்டனை அழுத்தியது. "அன்னையிலிருந்து எனக்கும் அந்த அழுகை கேக்குது. இப்பக்கூட."

பயத்திலிருந்து பத்மாஸினியைக் கோபம்தான் காப்பாற்றியது.

"டெஸ்ட் நார்மலா இருந்தாலும் காதுல இரைச்சல் வரும் சார். அதைக்கூட விசாரிக்காம அனுப்பிடறதா? யார் உங்களுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது? இந்த லட்சணத்துல க்ளாஸுக்கு வேற மட்டம்."

ரத்தினசாமி சட்டைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார்.

"ஒண்ணு, தொண்ணூத்தொண்ணுல நீங்க குடுத்த நோட்ஸ். 'டெஸ்ட் சரியாக இருந்தால் நார்மல் என எழுதி அனுப்பிவிடலாம்.' இன்னொண்ணு நேத்து குடுத்ததுங்க. அதுலயும் அதே வரிதான்."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"க்ளாஸ்ல உக்காந்திருந்தா எல்லார் முன்னாடியும் கேட்டுப்புடுவேன். உங்களுக்குத் தலைகுனிவாயிருமேன்னுதான், தனியாச் சொல்லக் காத்துட்டிருந்தனுங்க."