இறங்கிடுச்சா

"நிறுத்தியே வெச்சா பேட்டரி இறங்கத்தான் செய்யும் சார். வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டிய எடுத்து ஓட்டணும்" என்றார் எலக்ட்ரீஷியன் தனிஸ்லாஸ்.

"இறங்கிடக் கூடாதுன்னுதானே உங்களக் கூப்பிட்டேன்" என்றார் மாடியில் நின்ற நீலமேகம். காரின் சொந்தக்காரர் அவர்தான். ஆனால் கீழே வரவில்லை. சாவியைக்கூட அங்கிருந்தே போட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை. வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

இரண்டே இருக்கைகள் கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். புது பேட்டரி மாட்டியும், பூட்டி நிற்கும் வண்டியில் ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டே இருந்தது. தனிஸ்லாஸ் பேட்டரியில் மீட்டரை மாட்டிவிட்டு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பக்கத்து இருக்கையின் ஃபியூஸைப் பிடுங்கியதும் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. அதுவரை எரிந்துகொண்டிருந்த சீட் பெல்ட் விளக்கும் அணைந்தது. ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் எரியும் விளக்கு அது. காலி இருக்கையைத் தொட்டுப் பார்த்தார். தோலுறை வெதுவெதுப்பாக இருந்தது. வண்டி நின்றதோ போர்டிகோ நிழலில். சென்சார் கோளாறு என்று எண்ணி ஃபியூஸைத் திரும்பச் செருகினார். மீட்டர் அசையவில்லை. விளக்கும் எரியவில்லை.

"இறங்கிடுச்சா?" என்று மேலேயிருந்து நீலமேகம் கேட்டார்.

"இல்ல சார். இப்ப சார்ஜ் நிக்குது."

"நான் பேட்டரியக் கேக்கல."

தனிஸ்லாஸ் அண்ணாந்து பார்த்தார். மாடியிலேயே நின்ற நீலமேகம் வாயைத் திறக்குமுன், கீழே வாசல் கதவின் உள்தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.